கரும்பள்ளத்து மண்

ஆறுக்குட்டியின் குழப்பம் ஒரு காகிதத்தில்தான் தொடங்கியது. குன்னூரிலிருந்து தபாலில் வந்த காகிதம். கட்டம் போட்டு, கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்தியிருந்தது. அவருடைய தோட்டத்து மண்ணில் இலைதழை மக்கிய மட்கு ஏராளமாக இருக்கிறது, இந்த மண்ணுக்கு ஒரு குறையும் கிடையாது என்று அதில் கண்டிருந்தது. தோட்டமோ காமாலை வந்தவன் கண்ணைப் போல மஞ்சளாகிக் கிடந்தது.

"இதென்ன கூத்துங்க? மண்ணு நல்லாருக்குதுன்னா செடிக்கு என்ன கேடு?" என்றாள் அம்சவேணி.

கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் அவள் கேட்ட கேள்விகளில் பாதிக்கு ஆறுக்குட்டியிடம் பதில் இருந்ததில்லை. இந்தக் கேள்விக்கு இருந்தது. அதை வாய்விட்டுச் சொல்லத்தான் முடியவில்லை.

மஞ்சூரிலிருந்து கீழே இறங்கும் பஸ் ஒத்தமரம் ஸ்டாப்பில் நின்றால் எதிரே தெரியும் தகர வீடுதான் அவர்களுடையது. ரோட்டுக்கு மேலே சரிவில் ஒன்றேகால் ஏக்கர் தேயிலை. ரோட்டுக்குக் கீழே கால் ஏக்கர் சதுப்பு. கால் வைத்தால் முழங்கால் வரை வாங்கிக்கொள்ளும். மண் அட்டைக் கரியாக ஒரே கறுப்பு. மாசி, பங்குனியில் மலையெல்லாம் காய்ந்து பனியில் கருகி நிற்கும்போதும் அங்கே ஓர் ஊற்று கசிந்துகொண்டிருக்கும். சுற்றியுள்ள ஏழு வீட்டுக்கும் கோடைத் தண்ணீர் அதுதான். எல்லோரும் அதைக் கரும்பள்ளம் என்றார்கள். ஆறுக்குட்டியின் அப்பா அன்னூர்ப் பக்கமிருந்து குந்தா அணை வேலைக்கு மண் சுமக்க வந்த மனுஷர். அணை கட்டி முடிந்ததும் ஊருக்குத் திரும்பாமல் இந்தச் சரிவை வாங்கித் தேயிலை வைத்தார். பள்ளம் அதோடு ஒட்டிக்கொண்டு இலவசமாக வந்தது.

பச்சைத் தேயிலை விலை விழுந்து அது மூன்றாவது வருஷம். விழுந்தது என்றால் கைதவறி விழுந்த மாதிரி அல்ல, குழிக்குள் போன மாதிரி. பறிக்கிற கூலிக்கே கட்டாது என்று பலர் தோட்டத்தைக் காடாக விட்டார்கள். சிலர் செடியைப் பிடுங்கிவிட்டு கேரட் போட்டார்கள். இளவட்டங்கள் எல்லாம் பஸ் ஏறித் திருப்பூருக்குப் போனார்கள். ஆறுக்குட்டியின் ஒரே மகன் தரணிதரனும் போய் ஒரு பனியன் கம்பெனியில் சேர்ந்துவிட்டான்.

ஆறுக்குட்டி தோட்டத்தை விடவில்லை. ஆளைக் கூப்பிடாமல் அவரும் அம்சவேணியுமே இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு பறித்தார்கள். ஆனால் உரம் வாங்க வழியில்லாமல் நிறுத்தியதும் செடி சட்டென்று தளர்ந்துபோனது. விலை இருந்த காலத்தில் மூட்டை மூட்டையாக உரம் கொட்டி வளர்த்த செடி. உரம் நின்ற ஒரே வருஷத்தில் கையை விரித்துவிட்டது. நாற்பது வருஷச் செடி இப்படியா உடனே சுணங்கும் என்று அவருக்குப் புரியவேயில்லை.

அப்போதுதான் மஞ்சூரில் ஒரு கூட்டம் போட்டார்கள். மண் பரிசோதனை செய்கிற இடத்திலிருந்து ரோஸ்மேரி என்று ஒரு மேடம் வந்திருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும், கழுத்தில் மப்ளர், கையில் துணிப்பைக் கட்டு. ஆளுக்கொரு பையைக் கொடுத்து, தோட்டத்தில் ஏழு இடத்தில் ஒரு சாண் ஆழத்துக்குத் தோண்டி, எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து, அதில் அரைக் கிலோ சாம்பிள் கொண்டுவரச் சொன்னார்.

சாம்பிள் என்ற சொல்லில்தான் கோளாறு. தேயிலைக்காரனுக்குச் சாம்பிள் என்றால் ஒரு முறை உண்டு. இலை வாங்கும் ஏஜென்ட்டின் வண்டி வந்து நிற்கும்போது சாக்கின் வாயில் ரெண்டு இலை ஒரு கொழுந்தாகப் பொறுக்கி வைத்திருப்பான். அடியில் முற்றிய கரட்டு இலை கிடக்கும். அது ஏஜென்ட்டுக்கும் தெரியும். மேலே நல்ல இலை வைக்காமல் சாக்கை நீட்டினால் ஏஜென்ட்டை மதிக்கவில்லை என்று அர்த்தம். முப்பது வருஷமாக ஆறுக்குட்டி அப்படித்தான் சாக்கு கட்டினார்.

மேடம் சொன்னபடியே ஏழு இடத்திலும் தோண்டத்தான் செய்தார். வந்த மண்ணைப் பார்த்ததும் அவருக்கு மூஞ்சி செத்துவிட்டது. செங்கல் தூள் மாதிரி சிவந்து, நடுநடுவே கூழாங்கல். கையில் பிடித்தால் பிடி நிற்கவில்லை. இதையா தன் பெயரை எழுதிக் குன்னூருக்கு அனுப்புவது? கீழே இறங்கிப் பள்ளத்து ஓரத்தில் ரெண்டு கை கரிமண் அள்ளிப் பையின் மேலாக வைத்தார். சிவப்புக்கு மேல் கறுப்பு ஒட்டாமல் அசிங்கமாகத் தெரிந்தது. சரி என்று பையைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு, முழுக்க முழுக்கப் பள்ளத்து மண்ணையே நிரப்பி நிழலில் உலர்த்திக் கட்டிக் கொடுத்துவிட்டார்.

காகிதம் வந்தபோது அவருக்கு முதலில் பெருமையாகத்தான் இருந்தது. இதிலென்ன வேடிக்கை என்றால், பத்துநாள் போவதற்குள் அவரே அதை நம்பத் தொடங்கிவிட்டார். மேல் மண்ணும் கொஞ்சம் பைக்குள் ஒட்டியிருந்திருக்குமே. ரோட்டுக்கு மேலே என்ன, கீழே என்ன, எல்லாம் ஒரே மலை மண்தானே. கவர்மெண்ட் முத்திரை பொய் சொல்லுமா?

அந்தச் சமயத்தில்தான் வசந்தகுமார் வந்தான். கோயமுத்தூரிலிருந்து பைக்கில் ஊர் ஊராகப் போய் உரச் சாமான் விற்கிறவன். ஸ்வெட்டருக்குள் டை கட்டியிருந்தான். ஒரு பாட்டில் தண்ணீரில் தன் கேனிலிருந்து ஒரு மூடி ஊற்றிக் காட்டினான். கறுப்பு மையாக இறங்கிப் பரவியது.

"ஹியூமிக்குங்க அய்யா. மண்ணோட உயிரே இதுதான். இலை தழையெல்லாம் மக்கி மக்கிக் கடைசில நிக்குதே ஒரு கறுப்பு, அந்தக் கறுப்பு. பழுப்பு நிலக்கரியக் காரத்துல ஊற வெச்சு எறக்கறதுங்க."

"எந்தக் காரமுங்க தம்பி?" என்று வாசலிலிருந்து கேட்டாள் அம்சவேணி. லாந்தர் மாதிரி எங்கேயாவது மாட்டியிருக்கும் அவள் காது, எதையும் விடாது.

"பொட்டாஷ்ங்க அம்மா. நம்ம சலவைச் சோடா இருக்குதுல்ல, அதுகூட அந்தச் சாதிதான். காரம் பட்டா அந்தக் கறுப்பு தண்ணில கரஞ்சு வந்துரும்."

ஆறுக்குட்டி உள்ளே போய்க் காகிதத்தை எடுத்து வந்து நீட்டினார். "எங்க மண்ணுல இது ஏராளமா இருக்குதுன்னு எழுதியே குடுத்துட்டாங்களே."

வசந்தகுமார் காகிதத்தைப் பார்த்தான். தலைநிமிர்ந்து சரிவைப் பார்த்தான். மறுபடி காகிதத்தைப் பார்த்தான். "காகிதம் சரியாத்தான் இருக்குதுங்க அய்யா. செடிதான் தப்பா இருக்குது," என்றான். பிறகு அவனுக்கே ஒரு யோசனை தோன்றியது. "ஒருவேளை மண்ணுல இருக்கற சத்து தூங்கிட்டிருக்கும். இத ரெண்டு தடவ ஊத்துனா எந்திரிச்சுக்கும்."

அவன் போனபின் ஆறுக்குட்டி வெகுநேரம் சரிவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தூங்குகிறதாம். மூன்று வருஷமாகவா தூங்கும்?

மறுநாள் ராக்கம்மா கடைக்குத் தரணிதரன் போன் செய்தான். ஒத்தமரத்து வளைவில் ராக்கம்மாவின் டீக்கடையில்தான் அந்தப் பக்கத்துக்கே ஒரு காயின் போன் இருந்தது. ரோட்டில் நின்று அவள் ஒரு சத்தம் கொடுத்தால் மலையே திரும்பிப் பார்க்கும்.

"சித்திரைக்கு வந்துருங்கப்பா," என்றான் மகன். "ஊடு பாத்துட்டனுங்க. அம்மாவுக்குப் பனியன்ல நூல் பிசிறு வெட்டற வேலை, உங்களுக்கு கேட்டுல வாட்ச்மேன். அந்தக் காஞ்ச செடியக் கட்டிட்டு எதுக்குங்க அழுவோணும்?"

"பாக்கலாம் கண்ணு," என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். அவர் அப்பா மண் சுமந்து சம்பாதித்த சரிவு. அதை விட்டுவிட்டு ஐம்பத்து மூன்று வயதில் யாரோ ஒருத்தன் கேட்டுக்குக் காவலா? எப்பாடு பட்டாவது சித்திரைக்குள் செடியைப் பச்சையாக்கிக் காட்ட வேண்டும். அதற்கு உரம் வேண்டும், அந்தக் கேன் வேண்டும். எதை வைத்து வாங்குவது?

அதற்கும் ஒருத்தன் வந்தான். சின்னராஜ் என்று பெயர். ஊட்டியில் ஓட்டல் தோட்டங்களுக்கும் பூச்செடி நர்சரிகளுக்கும் லாரியில் மண் அடிக்கிறவன். டீ குடிக்க நின்றவன் கீழே பள்ளத்தை எட்டிப் பார்த்துவிட்டு நேராக வீட்டுக்கு வந்துவிட்டான்.

"ஏனுங்ணா, அந்தப் பள்ளத்துல என்ன வெளயுது?"

"தவளை வெளயுது," என்றார் ஆறுக்குட்டி.

சின்னராஜ் சிரித்தான். "அந்த மண்ண நான் எடுத்துக்கறனுங்ணா. தொட்டிச் செடிக்கு இந்தக் கரிமண்ணுன்னா உசுரா இருப்பாங்க. சும்மா கெடக்கற எடந்தானுங்களே."

அம்சவேணி குறுக்கே வந்தாள். "ஊத்து இருக்குதுங்க அங்க. ஏழு ஊடு தண்ணி மோக்குது."

"ஊத்தத் தொடமாட்டோமுங்க அக்கா. சுத்திலும் சொரண்டி எடுத்துக்குவோம்." சின்னராஜ் ஆறுக்குட்டியிடம் திரும்பினான். "ராக்கம்மாக்கா சொன்னாங்க, உங்க மேல்தோட்டத்து மண்ணே தங்கமாட்டம் இருக்குதுன்னு கடுதாசி வந்துருக்குதாமே? மேல அத்தன நல்ல மண்ண வெச்சுட்டு இந்தச் சேறு எதுக்குங்ணா உங்களுக்கு?"

ஆறுக்குட்டி மனசுக்குள் கணக்குப் போட்டார். மேல் மண் நல்ல மண் இல்லை என்றால் காகிதம் பொய். காகிதம் பொய் என்றால் பை பொய். பை பொய் என்று பெண்டாட்டி எதிரில், ஊர்வாய் ராக்கம்மாவின் டீயைக் குடித்துவிட்டு வந்த ஒருத்தன் எதிரில், எப்படிச் சொல்வது? பொய்யைக் காப்பாற்ற ஒரே வழி தலையாட்டுவதுதான். ஆட்டினார். சின்னராஜ் அப்போதே அட்வான்ஸைக் கையில் வைத்துவிட்டுப் போனான்.

திங்கட்கிழமை லாரி வந்தது. நாலு ஆள், கடப்பாரை, மண்வெட்டி. சேற்றில் நின்று வெட்ட முடியாது என்று முதலில் பள்ளத்தின் கீழ்க்கரையை முழு அகலத்துக்கு வெட்டித் திறந்துவிட்டார்கள். தேங்கியிருந்த தண்ணீர் அதன்வழியே இறங்கி ஓடியது. வெறும் தண்ணீராக ஓடவில்லை. நல்ல ஸ்ட்ராங் டிகாஷன் நிறத்தில், நுரையோடு ஓடியது.

சிறிது நேரத்தில் வளைவிலிருந்து ராக்கம்மாவின் குரல் வந்தது. "அடேய், எந்த பேக்டரிக்காரண்டா சாயத்தத் தொறந்து உட்டது? குடத்துல பூராம் டீயா வருது!"

வேலைக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆறுக்குட்டியும் சிரித்து வைத்தார். மண்ணை வெட்டி எடுக்க எடுக்க உள்ளே அது இன்னும் கறுப்பாக இருந்தது. கையில் எடுத்தால் கனமே இல்லை. பிழிந்தால் துணி மாதிரி தண்ணீர் சொட்டியது. அரைகுறையாக மக்கிய வேர், புல் எல்லாம் அப்படியே உருவம் மாறாமல் அதில் கிடந்தன. இது எப்போதைய புல் என்று அவர் யோசித்தார். அப்பா வருவதற்கு முந்தியதா? வெள்ளைக்காரன் வருவதற்கு முந்தியதா? அவருக்கு என்னவோ போலிருந்தது. ஆனாலும் சாயங்காலத்துக்குள் ரெண்டு லோடு ஏறிப் போய்விட்டது. வளைவுக்கு வளைவு கறுப்பாகச் சிந்திக்கொண்டே லாரி மஞ்சூருக்கு ஏறியது.

அன்று காலையிலேயே அம்சவேணி ஒரு வேலை செய்திருந்தாள். லாரி ஆட்களுக்கு அரிசிம்பருப்புச் சோறு ஆக்கிப்போட்டுவிட்டு, துணி துவைக்கச் சலவைச் சோடாவைக் கரைத்தபோது அவளுக்கு அந்தக் கேன்காரப் பையன் சொன்னது ஞாபகம் வந்தது. ரெண்டு கண்ணாடி டம்ளரை எடுத்தாள். ஒன்றில் பள்ளத்து மண் ஒரு கரண்டி. இன்னொன்றில் மேல்தோட்டத்து மண் ஒரு கரண்டி. ரெண்டிலும் சூடாகச் சோடாத் தண்ணீரை ஊற்றிக் கலக்கி ஜன்னல் திட்டில் வைத்துவிட்டாள்.

சாயங்காலம் பார்த்தால் பள்ளத்து டம்ளர் கறுத்துப்போயிருந்தது. பின்னால் விரல் வைத்தால் விரல் தெரியவில்லை. மேல்தோட்டத்து டம்ளரில் மண் அடியில் தங்கி, மேலே லேசான பழுப்புத் தண்ணீர் நின்றது. ஒரே தூளில் ஏழாவது தடவை போட்ட டீ மாதிரி. டம்ளரைத் தூக்கிப் பார்த்துச் சாயத்தை எடை போடுவது அந்த மலையில் எந்தப் பொம்பளைக்கும் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அவள் டம்ளர்களை ஜன்னலிலேயே விட்டுவைத்தாள். சோற்றைப் போட்டாள். ஆறுக்குட்டி சாப்பிடும்போது ஜன்னலைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், மறுபடி ஜன்னலைப் பார்த்தார்.

மறுநாள் காலை எட்டரை பஸ்ஸிலிருந்து, யாரும் எதிர்பார்க்கவே இல்லை, ரோஸ்மேரி மேடம் இறங்கினார்.

"ஆறுக்குட்டி அய்யா ஊடு இதுதானுங்களா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். முகம் மலர்ந்திருந்தது. "உங்க சாம்பிள நானே ரெண்டு தடவ டெஸ்ட் பண்ணிப் பாத்தனுங்க. தேயிலைத் தோட்டத்துல இவ்வளவு மட்கு நான் பாத்ததே இல்ல. எப்படி வெச்சிருக்கீங்கன்னு நேர்ல பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

ஆறுக்குட்டி அவசரமாக ஒரு முக்காலியை எடுத்துப் போட்டார். "ஒரு வாய் டீ குடிங்க மேடம்," என்றார்.

மேடம் டீயைக் குடித்த கையோடு மேல்தோட்டத்துக்கு ஏறினார். ஒரு செடியடியில் உட்கார்ந்து குச்சியால் கிளறினார். அடுத்த செடிக்குப் போனார். மூன்றாவது செடியில் நிமிர்ந்தார். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

"கவாத்து வெட்டுன மிலாறெல்லாம் என்ன பண்ணுவீங்க?"

"பேக்கரிக்குப் போட்ருவோமுங்க," என்றார் ஆறுக்குட்டி. தேயிலைச் செடியை நாலஞ்சு வருஷத்துக்கு ஒருமுறை இடுப்பளவுக்கு வெட்டிவிடுவதுதான் கவாத்து. வெட்டிய கொப்பும் இலையும்தான் மிலாறு. "அடுப்புக்கு நல்லா எரியுமுங்க. பன்னண்டு வருஷமா அவங்கதான் வந்து அள்ளிட்டுப் போறாங்க."

"அதத்தானுங்க கேட்டேன். அது அங்கயே கெடந்து மக்கியிருக்கோணும்." மேடம் கையைத் தட்டிவிட்டு எழுந்தார். "இந்த மண்ணு இல்லீங்களே நீங்க குடுத்தது?"

ஆறுக்குட்டி திரும்பிப் பார்த்தார். அம்சவேணி பின்னாலேயே ஏறி வந்து நின்றிருந்தாள். ரெண்டு கையிலும் ரெண்டு டம்ளர்.

"இந்தக் கையில இருக்கறது பள்ளத்து மண்ணுங்க மேடம். இது இந்தத் தோட்டத்து மண்ணு. சோடாவுல சாயம் எறக்கிப் பாத்தேன்," என்றாள். பிறகு புருஷனிடம், அதே குரலில், "எந்த மண்ணுங்க பையில போட்டீங்க?" என்று கேட்டாள்.

அந்த நிமிஷத்தில் மலை பிளந்து உள்ளே வாங்கிக்கொண்டால் தேவலை என்று இருந்தது அவருக்கு. "சாம்பிளுன்னு சொன்னாங்க புள்ள," என்றார். குரல் சின்னதாகிவிட்டது. "நல்லதத்தான மேல வெப்போம்? இந்தக் கல்லையும் மண்ணையும் எப்படிக் குடுக்கறது? நாலு பேரு பாக்கற எடத்துல?"

மேடம் கோபப்படவில்லை. அதுதான் அவரை இன்னும் கொன்றது. அந்த அம்மாள் ரெண்டு டம்ளரையும் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"நாங்க லேப்ல செய்யறதும் இந்த மாதிரி ஒண்ணுதானுங்க அம்மா," என்றார். "இந்தக் கறுப்புதான் மண்ணோட கை. உரம் போட்டீங்கன்னா அதப் புடிச்சு வெச்சு வேருக்குக் கொஞ்சங் கொஞ்சமாக் குடுக்கும். மழத்தண்ணியப் புடிச்சு வெக்கும். கை இல்லாத மண்ணுல எத்தன மூட்டை போட்டாலும் ஒரு மழைக்கு ஓடிப்போயிரும். விலை இருந்த காலத்துல நீங்க ஓயாம உரம் போட்டுட்டே இருந்ததுனால இது தெரியல. நிறுத்துனதும் தெரிஞ்சுபோச்சு."

"அப்ப பைக்குல வந்து விக்கறாங்களே ஹியூமிக்கு, அந்தக் கேனு?" என்றார் ஆறுக்குட்டி.

"அது பொய் இல்லீங்க. அதுவும் இதே சரக்குதான். ஆனா ஒரு கேனு ஒரு ஏக்கருக்கு எத்தன நாள் தாங்கும்? ருசி காட்டுன மாதிரிதான்."

அம்சவேணி கீழே பள்ளத்தைப் பார்த்தாள். அவளுக்கு அப்போதுதான் முழுசாக உறைத்தது. "ஏனுங்க," என்றாள், "நம்ம பள்ளத்துல கெடக்கறத லாரில ஏத்தி உட்டுப்போட்டு, அதையே கேன்ல அடச்சு வாங்கறதுக்கா இந்தப் பாடு பட்டீங்க?"

"லாரியா?" என்று மேடம் பதறித் திரும்பினார். ரோட்டில் சின்னராஜின் லாரி வந்து நின்றுகொண்டிருந்தது.

மூன்று பேரும் கிட்டத்தட்ட ஓடித்தான் இறங்கினார்கள். வெட்டிய கரையையும் குழியையும் பார்த்து மேடம் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். ஊற்று இருந்த இடத்தில் நேற்று இடுப்பளவு நின்ற தண்ணீர் கணுக்காலுக்கு வந்திருந்தது. கரிமண்ணின் ஓரங்கள் வெயிலில் வெடிக்கத் தொடங்கியிருந்தன.

"இது எத்தன வருஷத்து மண்ணுங்க மேடம்?" என்று கேட்டார் ஆறுக்குட்டி. நேற்றிலிருந்து அவரை அரித்துக்கொண்டிருந்த கேள்வி.

"ஆயிரக்கணக்கான வருஷமுங்க. தண்ணிக்குள்ள கெடந்ததுனால முழுசா மக்காம நின்னுது. காஞ்சா காத்துல கரஞ்சு போயிரும்."

சின்னராஜ் துண்டை உதறிக்கொண்டு வந்தான். "என்னங்ணா, ஆரம்பிக்கலாமுங்களா?"

ஆறுக்குட்டி அவனைப் பார்த்தார். ஊர்வாய் ராக்கம்மா கடை வாசலில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாலு ஆள் கடப்பாரையோடு நின்றார்கள். மேடம் நின்றார். அம்சவேணி நின்றாள். நாலு பேர் பார்க்கிற இடம் என்றால் இதைவிட வேறு இடம் கிடையாது.

"வேண்டாம் சின்னராஜ். மண்ணு எடுக்க வேண்டாம்."

"நேத்து ஒரு பேச்சு, இன்னிக்கு ஒரு பேச்சுங்களா?"

"ஆமாப்பா. மேல்மண்ணு நல்ல மண்ணுன்னு நான் சொன்னது பொய்யி. பள்ளத்து மண்ணத்தான் பையில கட்டிக் குடுத்தேன். நேத்து எனக்கு ஒண்ணும் தெரியல. இன்னிக்கும் பாதிதான் தெரியுது. ஆனா வேண்டாம்."

ராக்கம்மா "அடி ஆத்தீ" என்றது ரோட்டைத் தாண்டிக் கேட்டது. சின்னராஜ் கொஞ்சநேரம் முனகினான். குடுத்த அட்வான்ஸுக்கு ரெண்டு லோடு சரியாகப் போய்விட்டது, ஆள் கூலிதான் தண்டம் என்றான். கடைசியில் என்ன நினைத்தானோ, வெட்டின கரையை அடைக்க ஆட்களை ஒரு மணிநேரம் விட்டுவிட்டுப் போனான். கல்லைப் போட்டு, புல்கட்டியை வெட்டி வைத்து, இடுக்கில் மிலாறைத் திணித்து மிதித்தார்கள். மேடமும் மப்ளரை அவிழ்த்து வைத்துவிட்டுப் புல்கட்டி எடுத்துக் கொடுத்தார். மதியத்துக்குள் கசிவு நின்றது. ஊற்று மறுபடி நிறையுமா என்று கேட்டதற்கு மேடம், "பாக்கலாமுங்க," என்று மட்டும் சொன்னார்.

பஸ்ஸுக்கு நிற்கும்போது அம்சவேணி கேட்டாள். "மேல்தோட்டத்துக்கு எத்தன நாள் மேடம் ஆகும்? அந்த டம்ளர்ல கொஞ்சமாச்சும் சாயம் வர?"

"மிலாறு ஒரு குச்சிகூட வெளிய போகாம, தழை சாணியெல்லாம் போட்டு வந்தீங்கன்னா பத்துப் பன்னண்டு வருஷத்துல ஓரளவு தெரியுமுங்க."

பத்துப் பன்னிரண்டு வருஷம் என்றதும் ஆறுக்குட்டி அதைத் தன் வயசோடு கூட்டிப் பார்த்தார். அம்சவேணி விரலை மடக்கினாள். "மூணு கவாத்து," என்றாள்.

சாயங்காலம் மகன் மறுபடி போன் செய்தான். இந்தத் தடவை அவள்தான் எடுத்தாள். "வாரோம் கண்ணு. மூணு கவாத்து ஆகட்டும், வாரோம்," என்றாள். அந்தப்பக்கம் அவன் கத்தியது ராக்கம்மாவுக்கே கேட்டது. அவள் போனை வைத்துவிட்டு, கடைக்கு வந்திருந்த பேக்கரிக்காரனிடம் இனி மிலாறு கிடையாது என்றும் சொல்லிவிட்டு வந்தாள். திரும்பி நடக்கும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மகன் பார்த்த வீட்டில் தண்ணீர்க் குழாய் உள்ளேயே இருக்கிறதாம்.

மறுநாள் விடிந்து எழுந்தால் புருஷனைக் காணோம். கொழுந்துக் கூடையையும் காணோம், விளக்குமாற்றையும் காணோம். அடுப்பை மூட்டி வைத்துவிட்டு வாசலுக்கு வந்தாள். பனி இன்னும் ரோட்டை விட்டு எழுந்திருக்கவில்லை. மேல் வளைவில் ஓர் உருவம் குனிந்து குனிந்து வந்துகொண்டிருந்தது.

ஆறுக்குட்டிதான். லாரி சிந்திப் போன கரிமண்ணை வளைவு வளைவாகக் கூட்டி அள்ளிக்கொண்டு வந்தார். முதல் பஸ் அவரைத் தாண்டும்போது கண்டக்டர் தலையை நீட்டி, "ஏனுங்ணா, ரோட்டுக்குச் சாணி தெளிக்கப் போறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனான். அவர் காதில் வாங்கவில்லை. கூடை நிறைந்ததும் தலையில் தூக்கிக்கொண்டு நடந்தார். கறுப்புத் தண்ணீர் நெற்றியில் வடிந்தது.

வீட்டுக்கு எதிரே வந்ததும் நின்றுவிட்டார். இடதுபக்கம் மேல்தோட்டத்துக்கு ஏறும் படி. வலதுபக்கம் பள்ளத்துக்கு இறங்கும் தடம். மேலே பார்த்தார். மஞ்சளாக நிற்கிற செடிகள். இந்தக் கூடையைக் கொட்டினால் நாலு செடிக்காவது தாங்கும். கீழே பார்த்தார். ரெண்டு லாரி மண் போன குழி. அதற்கு ஒரு கூடை என்ன ஆகும்? ஏறப் போனவர் இறங்கினார், இறங்கப் போனவர் நின்றார். ஐம்பத்து மூன்று வயது ஆம்பளை, தலையில் மண்ணோடு நடுரோட்டில் நின்று பெண்டாட்டியைப் பார்த்தார்.

"அம்சா, எங்க கொட்டறது?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. கிட்டே போய்ச் சேலைத் தலைப்பால் அவர் நெற்றியைத் துடைத்துவிட்டாள்.

"எடுத்த எடத்துலயே கொட்டுங்க. மேல்தோட்டத்துக்கு நாம சம்பாதிச்சுக்கலாம். பள்ளத்து மண்ணச் சம்பாதிக்க நம்மனால ஆகாது."

அவர் தடத்தில் இறங்கினார். குழியின் ஓரத்தில் ராத்திரி ஊறிய தண்ணீர் அரை முழம் நின்றிருந்தது. கூடையை மெதுவாகச் சாய்த்தார். மண் தண்ணீருக்குள் போய் ஒரு நாழிகை கலங்கலாக நின்றது. அடங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கூடையை உதறி எடுத்துக்கொண்டு, பத்து மணி பஸ் வருவதற்குள் அடுத்த வளைவையும் கூட்டிவிடலாம் என்று மறுபடி ரோட்டுக்கு ஏறினார்.